கல் ஈரமாக இருந்தது

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

டாக்டர் கேட்டது இவ்வளவுதான். கேட்டுக்கொண்டே என் மகளின் உள்ளங்காலை விரலால் சுண்டினார். எழுபது நாள் வயதுக் கால். யாராவது தொட்டாலே வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் கால், அன்று வைத்த இடத்தில் கிடந்தது. இன்னொரு சுண்டு. முகம் லேசாகச் சுளித்தது. அழுகை வரவில்லை.

"ஒண்ணும் குடுக்கல, டாக்டர்."

ஒரு குரல் இல்லை, மூன்று குரல். நான், என் மனைவி பேச்சி, பேச்சியின் அம்மா. மூன்றும் முன்னே பின்னே வந்து விழுந்தன. யார் முதலில் சொன்னது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"தாய்ப்பால் தவிர வேற எதுவும்?"

"தாய்ப்பால் மட்டுந்தான்" என்றாள் பேச்சி.

"கிரைப் வாட்டர், உரை மருந்து, நாட்டு மருந்து..."

"அய்யோ, அதெல்லாம் கெடையாதும்மா" என்றார் மாமியார், டாக்டர் கேட்டு முடிப்பதற்குள்.

கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை நான் நம்புவதில்லை. அந்த நிமிடத்திலிருந்து மாமியாரின் முகத்தையே பார்க்கத் தொடங்கினேன். அவரும் அடிக்கடி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். திருட்டு முழி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

வேலை தந்த புத்தி

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வரி: புளியறை சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அனுப்புகிறவன் நான்.

ஒரு மழைக்காலத்தில் வைக்கோல் லாரி ஒன்று வந்தது. "வெறும் வைக்கோல்தான் சார்" என்றார் டிரைவர். வைக்கோல்தான், நானும் கண்ணால் பார்த்தேன். ஆனால் வைக்கோலுக்கு டயர் அப்படி அமுங்காது. அதைவிட, கூட வந்த கிளீனர் லாரியைப் பார்க்கவே இல்லை. லாரிக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறக்கச் சொன்னோம். அடியில் தேக்குத் தடிகள்.

பொய்யை வைத்துக்கொண்டிருப்பவன் பொருளைப் பார்க்க மாட்டான், அதற்குப் பக்கத்தில் பார்ப்பான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நின்று நின்று தெரிந்துகொண்டது.

தொல்லை என்னவென்றால், இந்தப் புத்தி வேலை முடிந்ததும் கழன்று விழுவதில்லை. கடையில் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பால்காரர் கேனுக்குள் மூக்கை நுழைப்பேன். கல்யாண வீட்டில் இலையில் நெய் விளம்பினால்கூட முதலில் மோந்து பார்ப்பேன். "வீட்டுக்கு வரும்போது அந்தக் கண்ணக் கழட்டி சாவடியிலயே வச்சிட்டு வாருங்க" என்பாள் பேச்சி.

அன்று ஆஸ்பத்திரிக்கு அந்தக் கண்ணோடுதான் போயிருந்தேன்.

சந்தோஷமான ஒரு மத்தியானம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் எங்களுக்கு வாடகை வீடு. இது நடந்தது சில வருடங்களுக்கு முன், நல்ல சாரல் சமயத்தில். குளிக்கப் போகிற கார்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே பிள்ளையின் துணி எதுவும் காயாது. அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டிருந்தோம். வீடு முழுக்கச் சாம்பிராணியும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாடை.

பத்து நாளாகப் பிள்ளைக்கு ஓயாத அழுகை. வயிறு வலியா, குளிரா, யாருக்கும் தெரியவில்லை. பேச்சி சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கையை வைத்தபடியே கண் அசந்துவிடுவாள். எனக்கும் சாவடியில் நின்றுகொண்டே தூக்கம் வந்தது.

அன்று காலை வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். பிள்ளை அப்போதுதான் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல அழுகை. பிறகு ஒன்றரை மணி வாக்கில் தூங்கிப்போனாள்.

அந்தத் தூக்கத்தில் எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சைகையில் பேசிக்கொண்டோம். விசில் வந்துவிடும் என்று மாமியார் குக்கரை இறக்கி வைத்தார். பேச்சி பிள்ளைக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள்.

மூன்றரைக்குப் பால் கட்டி அவளுக்கு விழிப்பு வந்தது. பிள்ளையை எடுத்து மார்பில் சேர்த்தாள். உதடு மூடவில்லை. பால் கடைவாய் வழியாக வழிந்தது.

"ஏங்க, பிள்ள உறிஞ்ச மாட்டேங்குது. ஏங்க!"

ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். யாழினி, யாழினி என்று காதுக்குள் கத்தினேன். தூக்கிய கை துணிபோலத் தொப்பென்று விழுந்தது.

ஆட்டோவில் போகும்போது சாரல் முகத்தில் அடித்தது. எதிரே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம். ஒரு குடும்பம் ரோட்டில் நின்று பலாச்சுளை தின்று சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

யாரையும் நம்பவில்லை

டாக்டர் இளம்பெண். படித்து முடித்த கையோடு வந்தவர் போலிருந்தார். முதல் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது. பெரிய டாக்டர் எங்கே என்று நர்சிடம் கேட்டேன். "இவங்கதான் பெரிய டாக்டர்" என்றார் நர்ஸ். அதையும் நம்பவில்லை.

"சுகர் சரியா இருக்கு. காய்ச்சல் இல்ல. நெஞ்சு மட்டும் வேகமா அடிக்குது" என்று சொல்லி ரத்தம் எடுத்தார். "இவ்வளவு எதுக்கு?" என்றேன். "ரெண்டு மில்லிதான் சார்" என்றார். பிள்ளையின் கையில் கட்டிய பட்டையில் தாய் பெயர் பேச்சி என்று சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது, இடது காது மடலில் இருக்கும் மச்சத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். உள்ளே போனதுதான் வெளியே வருகிறதா என்று தெரிய வேண்டுமே!

பேச்சி தன்னையே சந்தேகப்பட்டாள். முந்தின நாள் நாலு பலாச்சுளை தின்றதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மாமியார் எதிர்வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டார். "செவ்வாக்கெழம வந்து, பிள்ள எம்புட்டு செவப்புன்னு வாயத் தொறந்து சொன்னா. கண்ணு பட்டுட்டு" என்றார்.

நான் மாமியாரைச் சந்தேகப்பட்டேன். காரணம் இருந்தது.

கறிக்கு வாங்கிய ஜாதிக்காய்

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்: ஆறு மாதம் தாய்ப்பால் தவிரச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. பேச்சிக்கு அது சட்டமாகிவிட்டது. அவள் அம்மா பிள்ளைக்கு உரசிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிப் பரண்மேல் எறிந்தாள். உரசுகிற கல் மட்டும் தப்பித்து, அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் அழுகையில் நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, குத்தாலம் பக்கம் போனியன்னா ரெண்டு ஜாதிக்கா வாங்கியாருங்க. கறிக்கு வேணும்."

எங்கள் வீட்டில் எந்தக் கறிக்கும் ஜாதிக்காய் போட்டு நான் பார்த்ததில்லை. சாவடியில் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் லாரியையே பிரித்திருப்பேன். ஆனாலும் மறுநாள் அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் கடையில் வாங்கினேன். "மலைக்காய் அண்ணாச்சி. இந்த வருசத்துது. மோந்து பாருங்க" என்றார் கடைக்காரர். மோந்து பார்த்து, மூன்றாக வாங்கி வந்து, மாமியார் கையில் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. தூக்கம் எனக்கும் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேன் வைத்திருக்கும் மூலைக்கு மாமியாரைக் கூட்டிப்போனேன்.

"அத்தை, உண்மையச் சொல்லுங்க. ஜாதிக்கா உரசிக் குடுத்தியளா?"

"இல்ல மாப்ள."

"உப்பு ஜாடிக்குப் பின்னால கல்லு ஈரமா இருந்துச்சே. யாரு நனைச்சா?"

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவரை அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஏதோ கேட்கப் போகிறவர்போல வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"நான்தான் மாப்ள. காலைல ஆறு மணிக்கு. ஒரே ஒரு உரசு. எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கதுதான? பேச்சி படுத பாட்டப் பாக்க முடியல."

ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளுக்கே துரோகம் என்றுகூடச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து, நனைந்த குடையோடு மாடத்தியக்கா ஓடி வந்தார். பிள்ளையைத் தினமும் குளிப்பாட்ட வருகிறவர். வீட்டுக்காரர் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். அந்தக் குடும்பத்தின் கை பட்டால் எந்த உடம்பும் தூங்கிவிடும் என்று எங்கள் தெருவில் பேச்சு. சேதி கேட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க என்ன குடுத்திய?" என்றேன், வந்த மூச்சு அடங்குவதற்குள்.

சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"குளிக்க வச்சதும் ஒரு உரசு, தம்பி. ஒம்பது மணி இருக்கும். ஒங்க அத்தைக்குக்கூடத் தெரியாது. பிள்ள அழுதா குளிப்பாட்டுனவளத்தான கொற சொல்லுதாவ?"

பேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவையும் பார்க்கவில்லை, மாடத்தியக்காவையும் பார்க்கவில்லை. "வீட்ல எனக்குத் தெரியாம இன்னும் என்னல்லாம் நடக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

கையெழுத்து

டாக்டர் ஒரு தாளோடு வந்தார். நான் பிடித்த இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, ஆறு மணி, ஒன்பது மணி என்று கணக்காக ஒப்பித்தேன்.

டாக்டர் திட்டவில்லை. யோசித்தார்.

"பன்னெண்டரைக்கு நல்லாப் பால் குடிச்சு, சிரிச்சு விளையாடினான்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப காலைல குடுத்தது மட்டும் காரணம்னு நம்ப முடியல. அதுக்கப்புறம் ஏதோ ஆகியிருக்கு. மூளைக்காய்ச்சல் இல்லைன்னு உறுதி பண்ணணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

தாளை வாங்கினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று தேடிய கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. எழுபது நாள் பிள்ளையின் முதுகு என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பேனா என் கையில் இருந்தது.

"டாக்டரம்மா" என்றார் மாமியார். "மத்தியானமும் நான்தான் குடுத்தேன்."

பேச்சி எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் திரும்பினார்.

"எத்தன மணிக்கு? எவ்வளவு?"

"ஒரு மணிக்கு. எப்பவும்போல ஒரு உரசு."

"ஒரு உரசுக்கு இவ்வளவு மயக்கம் வராதும்மா. ஊசி போட்டுத்தான் பாக்கணும்."

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கச் சாவடிப் புத்தி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மணிக்குக் கொடுத்தது நான்.

இதோ சொல்லிவிடுகிறேன். பேச்சி குளிக்கப் போயிருந்தாள். மாமியார் கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிள்ளை என் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஜாதிக்காய் எங்கே இருக்கிறது என்று தெரியும். கல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். எடுத்தேன், ஈரமாக இருந்தது. சாரல் காலத்தில் எதுதான் ஈரமாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டயர் அமுங்கியதைக் கண்டுபிடித்தவன், கல் ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

ஒரு உரசு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பெண்களுக்குத் தெரியும், கல்லில் ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான். சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்த கை என்னுடையது. அந்தக் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். ஆறின வெந்நீர் விட்டு, சந்தனம் அரைப்பதுபோலவே அரைத்தேன், விழுதாகத் திரளும்வரை. விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் தடவினேன். பிள்ளை சப்புக்கொட்டினாள். கல்லைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

"டாக்டர்" என்றேன். "அத்தை குடுக்கல. நான்தான் குடுத்தேன். ஒரு உரசு இல்ல. சந்தனம் மாதிரி அரைச்சுட்டேன்."

"எவ்வளவு இருக்கும்?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். நகம் முழுக்க.

டாக்டர் என் கையிலிருந்த தாளை மெல்ல உருவிக்கொண்டார். "முதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும் சார்" என்றார். மறுபடி உள்ளே போய்ப் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரத்தச் சோதனை முடிவுகளையும் வாங்கிப் பார்த்தார். "ஊசிய இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். பக்கத்துலயே இருந்து பாக்கேன். மூச்சு நல்லாத்தான் இருக்கு. முழிக்கணும்."

யார் முதலில் சொன்னது என்று பிறகு சொல்வதாக எழுதியிருந்தேன் அல்லவா? "ஒண்ணும் குடுக்கல, டாக்டர்" என்று முதலில் சொன்னது நான்.

விளக்கு வைக்கும் நேரம்

பேச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று பேரையும் விட்டுத் தள்ளிப்போய், கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் எதையும் மறைக்காதது அவள் ஒருத்திதான். அவளையும் நான் விடவில்லை, ஆட்டோவில் வரும்போது, "நீ தூக்கக் கலக்கத்துல பிள்ள மேல சாஞ்சிட்டியா?" என்று கேட்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் என்று சொல்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே சாரல் விட்டு விட்டுப் பெய்தது. ரோட்டில் விளக்குகள் எரியத் தொடங்கின.

முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு இருமல். பிறகு அழுகை. பத்து நாளாக நாங்கள் எதை நிறுத்தத் தவித்தோமோ அதே அழுகை, அதே கிறீச்சிடல். மாடத்தியக்கா தலைக்கு மேல் கை குவித்தார். நர்ஸ் கதவைத் திறந்து, "அம்மா மட்டும் வாங்க, பால் குடுக்கணும்" என்றார். பேச்சி ஓடினாள். எட்டிப் பார்த்தேன். இடது காது மடலில் மச்சம் இருந்தது. பிள்ளை உறிஞ்சுகிற சத்தம் கதவு வரைக்கும் கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாமியார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சற்று முன் திட்டிய வாய்க்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அத்தை, மத்தியானம் நீங்க தூங்கலையா?"

"கண்ணத்தான் மூடியிருந்தேன் மாப்ள. கல்லு சத்தம் கேட்டுச்சு."

"அப்ப, டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

அவர் ஒரு சின்னச் சட்டையை மடித்து, அதன் மேல் கையால் நீவினார்.

"மாப்ளைய நான் எப்படிக் காட்டிக் குடுப்பேன்? நீங்களே சொல்லிருவியன்னுதான், வந்ததுலேர்ந்து ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."